உலோகத்தின் சுற்றம்

நன்கு வளர்ந்த உளுந்துச் செடி ஒன்றை வேர் அறாமல் கிளப்பி, மண்ணை உதறிப் பாருங்கள். கடுகளவிலும் மிளகளவிலும் சிறு முடிச்சுகள் வேரோடு ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதமான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதியின் பெயர் நைட்ரஜனேஸ். ஆக்ஸிஜன் பட்டால் அது கெட்டுப்போகும். ஆனால் பாக்டீரியா உயிரோடிருக்க ஆக்ஸிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று ஆக்ஸிஜனைச் சிறுகச் சிறுக அளந்து கொடுப்பதுதான் சிவப்புப் புரதத்தின் பணி.

நெல் அறுவடைக்குச் சற்று முன்பு ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடும் காவிரிப் படுகை விவசாயிக்கு இந்த முடிச்சின் அருமை தெரியும். அதே அம்மோனியாவை நாம் ஆலையில் தயாரிக்க ஹேபர்–பாஷ் முறை இருக்கிறது. இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி வெப்பம், 150 முதல் 250 மடங்கு காற்றழுத்தம். உலகம் செலவிடும் ஆற்றலில் 1 முதல் 2 சதவீதம் இந்த ஒரு வினைக்கே போகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வேர் முடிச்சிலும் இரும்புதான் இருக்கிறது, கூடவே கொஞ்சம் மாலிப்டினம். ஆலையிலும் இரும்பு, வேரிலும் இரும்பு என்றால், வேரில் இருப்பதைப் போன்ற ஒரு வினையூக்கியை நாமே ஏன் செய்துகொள்ளக் கூடாது?

அரை நூற்றாண்டாக வேதியியலாளர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. நைட்ரஜனோடு அது நிற்கவில்லை. நீரைப் பிளப்பது, ஹைட்ரஜன் எடுப்பது, மருந்து மூலக்கூறுகளின் இடக்கை, வலக்கை வடிவங்களில் வேண்டியதை மட்டும் உண்டாக்குவது என்று, உலோகத்தை வைத்து இயற்கை செய்யும் எந்த வேலையையும் பார்த்துச் செய்ய முடியுமா என்பதே இந்தத் துறையின் தேடல். இதுவரை கிடைத்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உலோகத்தையும் அதன் வடிவத்தையும் மட்டும் நகலெடுத்தவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். உலோகத்தைச் சுற்றியிருப்பவை என்ன வேலை செய்கின்றன என்று கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் கதவு திறந்தது. சுற்றியிருக்கும் உறவைத் தமிழில் சுற்றம் என்கிறோம். இந்தத் துறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நொதிக்குள் உலோகம் இருப்பதே நெடுநாள் கண்ணில் படவில்லை. 1926-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர், நம்மூர்த் தம்பட்டை அவரைக்கு நெருங்கிய சொந்தமான ஓர் அவரையின் மாவிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கினார். இளம் வயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையோடு செய்த அந்த வேலைதான் நொதி என்பது புரதமே என்று நிறுவியது. 1946-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அந்தப் படிகத்துக்குள் நிக்கல் இருப்பது 1975-இல்தான் தெரியவந்தது. உலகமே கொண்டாடிய படிகத்தில் 49 ஆண்டுகள் ஓர் உலோகம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. உயிரினங்களின் புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உலோகம் தேவை என்பது இன்றைய பொது மதிப்பீடு.

சுற்றத்தின் வலிமையைக் காட்ட ஒரு பழைய உதாரணம் உண்டு. வேதியியலாளர் மெல்வின் கால்வின் பயன்படுத்தியது. புண்ணின் மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அது ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் நொதியின் வேலை. அதன் நடுவில் இருப்பது ஒரே ஓர் இரும்பு. நீரில் கரைந்த வெறும் இரும்பு அயனியும் பெராக்ஸைடைச் சிதைக்கும், மிக மிக மெதுவாக. அதே இரும்பை ஹீம் என்ற தட்டையான வளையத்துக்குள் உட்கார வைத்தால் வேகம் ஆயிரம் மடங்கு அளவில் ஏறுகிறது. அந்த ஹீமைப் புரதம் போர்த்திக்கொண்டால் அதற்கு மேலும் லட்சக்கணக்கான மடங்கு ஏறுகிறது. இரும்பு மாறவில்லை. அதைச் சூழ்ந்தவைதான் மாறின.

ஹீம் வேறொரு பாடத்தையும் சொல்லிக் கொடுத்தது. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடித்துப் பிறகு விட்டுவிடுகிறது. வெறும் ஹீமைக் கரைசலில் வைத்து ஆக்ஸிஜனைக் காட்டினால் பிடிக்கும், ஆனால் விடாது. இரண்டு ஹீம்கள் ஓர் ஆக்ஸிஜனுக்கு இருபுறமும் வந்து சேர்ந்து, கிட்டத்தட்ட துருப்பிடித்தது போலக் கெட்டுப்போகும். ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் கோல்மன் 1970களில் இதற்கு ஒரு வழி கண்டார். வளையத்தின் ஒரு பக்கத்தில் நான்கு பருத்த கரிமக் கம்பங்களை நட்டார். நடுவில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு நுழையும் அளவுக்கு இடம் விட்டார். இன்னொரு ஹீம் கிட்ட நெருங்க முடியாது. வேலி போர்ஃபிரின் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அறை வெப்பத்தில் ஆக்ஸிஜனைப் பிடித்து விடும் மூலக்கூறு நம் கைக்கு வந்தது அந்த வேலியால்தான். ஆட்டிடமிருந்து பயிரைக் காக்க நட்ட வேலியைப் போன்ற எளிய யோசனை. ஆனால் அதற்கு முன்பு பலர் இரும்பையும் வளையத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி ஹைட்ரஜனேஸுக்கு வருவோம். முழுத் துறைக்கும் ஓர் உரைகல் இது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு புரோட்டான், இரண்டு எலக்ட்ரான், இவற்றைச் சேர்த்து ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு. இதைவிட எளிய வினை வேதியியலில் அரிது. ஆலைகளும் மின்கலங்களும் இதற்கு பிளாட்டினத்தை நம்புகின்றன. சில பாக்டீரியாக்களும் பச்சைப் பாசிகளும் இரண்டே இரண்டு இரும்பு அணுக்களை வைத்து நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்துவிடுகின்றன. 1998, 1999 ஆண்டுகளில் அந்த நொதியின் படிக அமைப்பு வெளியானபோது ஒரு வியப்பு காத்திருந்தது. இரும்புகளோடு ஒட்டியிருந்தவை கார்பன் மோனாக்ஸைடும் சயனைடும். உயிரைக் கொல்லும் இரண்டு நஞ்சுகள், ஓர் உயிர்நொதியின் இதயத்தில்! அவற்றோடு கந்தகப் பாலம் ஒன்று. இதே சாயலுள்ள இரும்பு–கந்தகம்–கார்பன் மோனாக்ஸைடு சேர்மத்தை 1920களின் இறுதியிலேயே ஒருவர் தயாரித்திருந்தார். எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் அது நூல்களில் உறங்கிக்கொண்டிருந்தது.

அமைப்பு தெரிந்ததும் 1999-இலேயே மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக நகலைத் தயாரித்துவிட்டன. பிறகு நூற்றுக்கணக்கில் நகல்கள் வந்தன. தோற்றத்தில் அச்சு அசல். வேலையில் சோர்வு. பெரும்பாலானவை ஹைட்ரஜனை மெதுவாகத்தான் கொடுத்தன, அதுவும் மின்னழுத்தத்தைத் தாராளமாகச் செலவழித்தால். நகலில் எங்கே தவறு என்பது பல ஆண்டுகள் பிடிபடவில்லை.

விடை 2013-இல் வந்தது. மார்க் ஃபோன்டெகேவ், வொல்ஃப்காங் லூபிட்ஸ் குழுக்கள் சேர்ந்து செய்த சோதனை அது. இரண்டு கந்தகங்களை இணைக்கும் பாலத்தின் நடுவில் இருக்கும் அணு கார்பனா, நைட்ரஜனா, ஆக்ஸிஜனா என்று படிகத்தில் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே மூன்று வகை நகல்களையும் குடுவையில் தயாரித்து, இயற்கை நொதியிலிருந்து இரும்பு மையம் இல்லாத வெற்றுப் புரதத்தை எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே செலுத்திப் பார்த்தார்கள். கார்பன் பாலமும் ஆக்ஸிஜன் பாலமும் பயன்படவில்லை. நைட்ரஜன் பாலம் உள்ளே போனதும் நொதி முழு வேகத்தோடு எழுந்து ஓடியது. குடுவையில் மந்தமாகக் கிடந்த அதே சேர்மம், மனிதன் கையால் செய்தது, புரதத்தின் மடியில் உட்கார்ந்ததும் இயற்கை நொதிக்குச் சமமாகிவிட்டது. இந்தத் துறையில் நான் படித்த சோதனைகளில் மனதை விட்டு அகலாதது இதுதான். நைட்ரஜன் அங்கே புரோட்டானைக் கைமாற்றிக் கொடுக்கிறது. புரதம் அந்தப் புரோட்டான் வரும் வழியைப் போட்டு வைத்திருக்கிறது. ஒரு மையமும் ஒரு வழியும் சேர்ந்தால்தான் வேலை.

இதே உண்மையை டேனியல் டுபாய் வேறு பாதையில் எட்டினார். அவர் இரும்பையும் நஞ்சுகளையும் நகலெடுக்கவே இல்லை. நிக்கலை எடுத்துக்கொண்டு, அதைப் பிடித்திருக்கும் பாஸ்பரஸ் வளையங்களில், உலோகத்துக்கு வெகு அருகில் தொங்கும்படி அமீன் குழுக்களை வைத்தார். அமீன் உலோகத்தோடு பிணையாது. பக்கத்தில் நின்று புரோட்டானை வாங்கிக் கொடுக்கும். 2011-இல் அவர் குழு வெளியிட்ட நிக்கல் வினையூக்கி நொடிக்கு 1,00,000-க்கும் மேற்பட்ட ஹைட்ரஜன் மூலக்கூறுகளைக் கொடுத்தது. எண்ணிக்கையில் இயற்கை நொதியையே மிஞ்சியது. தோற்றத்தில் நொதிக்கும் அதற்கும் எந்த ஒற்றுமையும் கிடையாது. ஆனால் அந்த வேகத்துக்கு அரை வோல்ட்டுக்கும் மேலான கூடுதல் மின்னழுத்தம் வேண்டியிருந்தது. நொதிக்கு அந்தக் கூடுதல் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. வேகத்தில் ஜெயித்து, சிக்கனத்தில் தோற்ற கதை.

ஒளிச்சேர்க்கையில் நீரைப் பிளக்கும் மையத்திலும் இதே படிப்பினைதான். 2011-இல் ஜப்பானின் ஜியான்-ரென் ஷென், நோபுவோ காமியா குழுவினர் அதன் அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் காட்டினார்கள். நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்ஸிஜன், சற்றே கோணிய நாற்காலி வடிவம். 2015-இல் சீனக் குழு ஒன்று அந்த நாற்காலியை வியக்கத்தக்க நெருக்கத்தோடு செயற்கையாகக் கட்டியது. தோற்றம் வந்தது, ஆனால் நொதியின் வேலைத்திறன் அதோடு வந்து சேரவில்லை. அதற்கு முன்பே, 2012-இல், ஸ்வீடனில் லிசெங் சன் குழுவின் ருத்தீனியம் வினையூக்கி நொடிக்கு 300 என்ற வேகத்தைத் தொட்டிருந்தது. இலையின் நொதிக்கு இணையான வேகம். அதில் மாங்கனீசும் இல்லை, நாற்காலியும் இல்லை. இரண்டு ருத்தீனிய மூலக்கூறுகள் முகத்தோடு முகம் வந்து சேர்ந்து ஆக்ஸிஜன் பிணைப்பைப் போட வேண்டும் என்பதால், ஒன்றோடொன்று தட்டுத் தட்டாக அடுக்கிக்கொள்ளும் தட்டை வளையங்களை இருபுறமும் பொருத்தியிருந்தார்கள். ருத்தீனியம் அரிய உலோகம், சோதனைக்குப் பயன்படுத்திய சீரியம் ஆக்ஸிஜனேற்றியும் மலிவானதல்ல. ஆனாலும் சுற்றத்தை எப்படி அமைப்பது என்ற பாடம் அதில் இருக்கிறது.

நைட்ரஜனுக்குத் திரும்புவோம். நைட்ரஜனேஸின் மையத்தில் ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம் இருப்பது 1992-இல் தெரிந்தது. நடுவில் வெற்றிடம் என்றே முதலில் நினைத்தார்கள். 2002-இல் அங்கே ஏதோ ஓர் இலேசான அணு இருப்பது தெரிந்தது. அது கார்பன் என்று உறுதியானது 2011-இல். நகலெடுக்க வேண்டிய பொருளின் நடுவில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இருபது ஆண்டுகள் நகலெடுக்க முயன்றிருக்கிறார்கள். அந்த முயற்சிகள் தடுமாறியதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரிச்சர்ட் ஷ்ராக் 2003-இல் மொத்தக் கொத்தையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு மாலிப்டினத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு மாலிப்டினங்கள் நைட்ரஜனை நடுவில் வைத்துக் கட்டிக்கொள்ளாதபடி, பெரிய பெரிய கரிமக் கிளைகளால் அதை மூடினார். கோல்மனின் வேலிதான், இன்னும் அடர்த்தியாக. ஒரு மூலக்கூறுக்கு எட்டுக்குச் சற்றுக் குறைவான அம்மோனியா கிடைத்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் அறை வெப்பத்தில், ஒற்றை உலோக மையத்தில் நைட்ரஜன் மறுபடி மறுபடி அம்மோனியாவாகும் என்பதை முதன்முதலில் காட்டியது அது. 2013-இல் ஜோனஸ் பீட்டர்ஸ் இரும்பை வைத்து, மைனஸ் 78 டிகிரிக் குளிரில், ஏழு அம்மோனியாவை எடுத்தார். 2019-இல் டோக்கியோவின் யோஷியாகி நிஷிபயாஷி குழு, எலக்ட்ரான் தரும் சமாரியம் அயோடைடையும் சாதாரண நீரையும் சேர்த்து ஒரு மாலிப்டின மூலக்கூறிலிருந்து 4,350 அம்மோனியாவை எட்டியது. பதினாறு ஆண்டில் எட்டிலிருந்து நாலாயிரத்துக்கு. ஆனால் ஒவ்வொரு அம்மோனியாவுக்கும் மூன்று சமாரியம் அயோடைடு செலவாகிறது. யூரியா மூட்டை விலையில் கிடைக்கும் சரக்கல்ல அது. எலக்ட்ரானை மின்சாரத்திலிருந்தோ வெயிலிலிருந்தோ மலிவாகக் கொடுக்கும் வழி கிடைக்காத வரை இது ஆய்வகச் சாதனையாகவே நிற்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். வேர் முடிச்சு அறை வெப்பத்தில் வேலை செய்வதால் செலவில்லாமல் செய்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் 16-ஐ நைட்ரஜனேஸ் தின்கிறது. எட்டு எலக்ட்ரான்களில் இரண்டு ஹைட்ரஜனாக வீணாகின்றன. அந்தச் செலவை உளுந்துச் செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையிலிருந்து கட்டுகிறது. இயற்கையைப் பார்த்துச் செய்கிறோம் என்பதாலேயே ஒன்று சிக்கனமாகிவிடாது.

இதுவரை சொன்னது புரதம் இல்லாத வினையூக்கிகள். இன்னொரு கூட்டம் எதிர்த் திசையில் போனது. சுற்றத்தைச் செய்வதுதான் கடினம் என்றால், இயற்கை செய்து வைத்திருக்கும் சுற்றத்தையே வாங்கிக்கொண்டு, அதற்குள் இயற்கை அறியாத உலோகத்தைக் குடியேற்றினால் என்ன?

இதன் தொடக்கம் கோழி முட்டையில் இருக்கிறது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் பயோட்டின் என்ற வைட்டமின் குறைபாடு வரும். வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்தால் விடாது என்பதே காரணம். வில்சனும் ஜார்ஜ் வைட்ஸைட்ஸும் 1978-இல் அந்தப் பிடியைத் தங்களுக்குச் சாதகமாக்கினார்கள். பயோட்டினின் வாலில் ரோடியம் அணைவு ஒன்றைக் கட்டி அவிடினிடம் கொடுத்தார்கள். அது வைட்டமினை விழுங்க, ரோடியம் புரதத்தின் குழிக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே நடந்த ஹைட்ரஜன் ஏற்றத்தில் இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறத்தாழ 70-க்கு 30 என்று பிரிந்தன. ரோடியத்துக்குத் தனியாக அந்தத் திறமை கிடையாது. புரதத்தின் குழி கற்றுக்கொடுத்தது.

இருபது ஆண்டுகளுக்குமேல் பெரிதாகக் கவனிக்கப்படாத அந்த யோசனையை பாசல் நகரத்தின் தாமஸ் வார்டு வளர்த்தெடுத்தார். அவிடினுக்குப் பதில் பாக்டீரியாவின் ஸ்ட்ரெப்டாவிடின். 2012-இல் அவரும் டோமிஸ்லாவ் ரோவிஸும் ரோடியம் இருக்கும் இடத்துக்கு அருகில் புரதத்தில் ஓர் அமில அமினோ அமிலத்தை மாற்றி வைத்தார்கள். வினை கிட்டத்தட்ட நூறு மடங்கு வேகமெடுத்தது. டுபாயின் அமீனும் இந்த அமிலமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பக்கத்தில் நின்று புரோட்டானைக் கைமாற்றுவது. 2016-இல் வார்டு ருத்தீனிய வினையூக்கியை உயிருள்ள ஈ. கோலை பாக்டீரியாவின் இரண்டு உறைகளுக்கும் இடையே உள்ள வெளியில் வேலை செய்யவைத்தார். செல்லின் நடுப்பகுதியில் குளூட்டாதயோன் உலோகத்தை முடக்கிவிடும் என்பதால் அந்தப் புறத்திண்ணையைத் தேர்ந்தெடுத்தார். வினை நடந்தால் ஒளிரும் பொருள் உண்டாகும்படி வைத்ததால், எந்த பாக்டீரியா நன்றாக வேலை செய்கிறது என்பதை ஒளியைப் பார்த்தே பொறுக்க முடிந்தது.

பொறுக்குவது என்ற சொல்லில்தான் ஃபிரான்சஸ் ஆர்னால்டின் பாதை இருக்கிறது. விதை நெல்லுக்கு நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைப்பதைப் போல, மரபணுவில் மாற்றங்களை விதைத்து, நன்றாகச் செய்வதைத் தேர்ந்து, மறுபடி விதைப்பது அவர் முறை. அவர் எடுத்துக்கொண்ட பி450 என்ற ஹீம் நொதிக்கு அந்தப் பெயர் வந்ததே, கார்பன் மோனாக்ஸைடு ஒட்டும்போது அது 450 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவதால்தான். இரும்பைப் பிடித்திருக்கும் கந்தகமுள்ள சிஸ்டீனை எடுத்துவிட்டு, ஆக்ஸிஜனுள்ள செரீனை ஆர்னால்டு குழு வைத்தது. உறிஞ்சல் 411-க்கு நகர்ந்தது, பெயரும் பி411 ஆனது. இயற்கையான வேலையை அது கைவிட்டது. இயற்கையில் ஹீம் செய்யாத வளைய வினையை உயிருள்ள செல்லுக்குள் செய்தது. 2016-இல் ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சைட்டோகுரோமில் மூன்றே அமினோ அமிலங்களை மாற்றி, கார்பன்–சிலிக்கான் பிணைப்பைப் போடவைத்தார்கள். எந்த உயிரும் அப்படியொரு பிணைப்பைப் போடுவதாகத் தெரியவில்லை. அன்றுவரை இருந்த சிறந்த செயற்கை வினையூக்கியை விட அது 15 மடங்கு திறமையாக இருந்தது. 2018-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

கணினியில் புரதத்தை முதலிலிருந்தே வரையும் முறைக்கு டேவிட் பேக்கர் 2024-இல் நோபல் பெற்றார். அவருக்கு வெகு முன்பே வில்லியம் டிகிராடோ, வின்சென்ட் பெக்கோராரோ போன்றவர்கள் சுருள் புரதக் கட்டுகளுக்குள் இரும்பையும் துத்தநாகத்தையும் உட்காரவைத்திருந்தார்கள். உலோகம் உட்காரும் இருக்கையை வரைவது இப்போது கைவந்துவிட்டது. வினை நடக்கும்போது அந்த இருக்கை எப்படி நெகிழ வேண்டும் என்பதை வரைவது இன்னும் கைவரவில்லை. ஆகவே வரைந்ததை ஆர்னால்டின் வழியில் பொறுக்கித் திருத்துகிறார்கள். இரண்டும் கைகோக்கும் இந்த இடத்திலிருந்துதான் அடுத்த பத்தாண்டுகளின் நல்ல வினையூக்கிகள் வரும் என்பது என் நம்பிக்கை.

நம் நாட்டிலும் இந்தத் துறையில் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவர், கேட்டக்கால் என்ற கரிமச் சேர்மத்தின் வளையத்தை உடைக்கும் இரும்பு நொதிகளைப் பின்பற்றிய அணைவுச் சேர்மங்களில் நெடுங்காலம் உழைத்தார். உலோகத்தைப் பிடித்திருக்கும் ஈனியில் ஓர் அணுவை மாற்றினால் வளையம் எந்த இடத்தில் உடைகிறது என்பது போன்ற நுட்பங்கள் அவை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முகேஷ் குழுவினர் வனேடியம் ஆக்ஸைடு நுண்கம்பிகள் செல்லுக்குள் பெராக்ஸைடை அடக்கும் நொதியைப் போல நடந்துகொள்வதை 2014-இல் காட்டினார்கள்.

இந்தத் துறையின் கட்டுரைகளைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நொடிக்கு எத்தனை என்ற எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். கெட்டுப்போகும் முன் மொத்தம் எத்தனை முறை செய்தது, எலக்ட்ரான் எதிலிருந்து வந்தது, அதற்கு என்ன விலை என்று பாருங்கள். இந்த மூன்றையும் கேட்டால் பல பெரிய தலைப்புகள் சுருங்கிப்போகும். சில அடக்கமான கட்டுரைகள் பெரிதாகத் தெரியும்.

ஆயுளைப் பற்றிய அந்தக் கேள்விக்கு இலை வைத்திருக்கும் விடை வேறு மாதிரியானது. கடும் வெயிலில் நீரைப் பிளக்கும் அந்த மாங்கனீசு மையத்தைத் தாங்கும் டி1 புரதம் அரை மணிக்கு ஒருமுறை சிதைந்துபோகிறது. இலை அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்து பொருத்துகிறது, நாள் முழுக்க. கெடாத நொதியை இலை செய்யவில்லை. கெட்டதை மாற்றும் பட்டறையைப் பக்கத்தில் வைத்திருக்கிறது. செயற்கை வினையூக்கிகளில் இதற்கு அருகே வந்தது மேத்யூ கனனும் டேனியல் நோசெராவும் 2008-இல் வெளியிட்ட கோபால்ட்–பாஸ்பேட் படலம். கரைசலில் கோபால்ட்டும் பாஸ்பேட்டும் இருக்க, மின்சாரம் கொடுத்தால் மின்முனையில் தானாகப் படிந்து நீரைப் பிளக்கும். வேலையின்போது கொஞ்சம் கோபால்ட் கழன்று கரைசலுக்குப் போகும். கதிரியக்கக் கோபால்ட்டை வைத்துப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பாஸ்பேட் இருக்கும்வரை, கழன்ற கோபால்ட் மறுபடி படலத்துக்கே திரும்பி வந்து ஒட்டிக்கொள்வது தெரிந்தது.